வாசகர் கேள்வி பதில்: வாய் உடைகிற கத்தி

கேள்வி: ஐயா, லொறி ஸ்பிறிங் தகட்டைக் கொடுத்து ஊர்ப் பட்டறையில் காட்டுக்கத்தி ஒன்று அடிப்பித்தேன். காய்ந்த பாலைக் கொப்பில் நாலு வெட்டுப் போட்டதும் வாய் சில்லுச் சில்லாக உடைகிறது. இரும்பு சரியில்லையா? (ஒட்டுசுட்டானிலிருந்து ஓர் இளம் விவசாயி)

பதில்: இரும்பு நல்ல இரும்புதான் தம்பி. ஸ்பிறிங் தகட்டில் கரிச்சத்து (காபன்) 0.6 சதவீதம் அளவில் இருக்கும், அதனால்தான் அது உரமேறும், அதாவது கடினமாகும். கட்டடக் கம்பியில் அடித்தால் அப்படி ஏறாது. பிழை தோய்ச்சலில், அதாவது காய்ச்சிய கத்தியை அமிழ்த்தி ஆற்றிப் பதமாக்குகிற வேலையில். சிவக்கக் காய்ச்சிச் சடாரென்று ஆறவிட்ட கத்தி அந்த நேரம் கண்ணாடி மாதிரி, கடினம் இருக்கும், அடி தாங்காது. அதை மறுபடி மெல்லச் சூடாக்கி இளக்க வேண்டும், அவசர வேலையில் விடுபட்டுப் போவது இந்த இரண்டாவது சூடுதான். கத்தியைத் தேய்த்து வெளுப்பாக்கி, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கட்டியில் முதுகை வைத்தால் நிறம் முதுகிலிருந்து வாய்க்கு ஓடிவரும்: முதலில் வைக்கோல் மஞ்சள் (ஏறக்குறைய 230 பாகை செல்சியஸ்), அப்புறம் மண்ணிறம், ஊதா, 300 பாகையை நெருங்கும்போது நீலம். மீன் வெட்டும் கத்தியை மஞ்சளில் நிறுத்தலாம். பாலை, முதிரை மாதிரி வைரமரம் வெட்டுகிற கத்திக்கு வாய் ஊதா வரை போகட்டும், கூர் கொஞ்சம் சீக்கிரம் மழுங்கும், ஆனால் சில்லுப் போகாது. இதையெல்லாம் வெறும் கண்ணால் பார்த்துச் செய்கிறார்கள், பட்டறைக்குள் வெளிச்சத்தைக் குறைத்து வைப்பதும் நிறம் தெரியத்தான். அந்தக் கண் வருஷக்கணக்கில் பழகி வருவது, எனக்கு அதில் பெரிய மரியாதை.

கத்தியை எறிய வேண்டாம். வாயில் மண்ணெண்ணெய் பூசி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சோக்குத் தூள் தடவிப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தால் எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும் (இந்தத் தகட்டை எண்ணெயில் தோய்க்காமல் தண்ணீரில் தோய்த்தால் அப்படி வெடிப்பதுண்டு). கோடு இல்லையென்றால் அடித்தவரிடமே கொண்டுபோய், "கொஞ்சம் இளக்கித் தாங்கோ அண்ணை" என்று கேளுங்கள். உலை மூட்டுகிற நாளாகப் பார்த்துப் போங்கள், ஒரு கத்திக்காகச் சிரட்டைக்கரி எரிக்கச் சொல்வது சரியில்லை.

கேள்வி: அம்மாவின் தையல் கத்தரிக்கோலை அரத்தால் தீட்டினேன். இப்போது துணி வெட்டுப்படாமல் மடிந்து உள்ளே போகிறது. (நெடுங்கேணி வாசகி)

பதில்: உள்பக்கத்தையும் அராவிவிட்டீர்கள் போலிருக்கிறது. கத்தரிக்கோலை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நல்ல கத்தரிக்கோலில் நடுவில் மெல்லிய இடைவெளி தெரியும், நுனியில் மட்டும் தொடும். அலகு இரண்டும் லேசாக வளைத்து அடிக்கப்பட்டவை, அதனால்தான் மூடும்போது வெட்டும் இடம் ஒரு புள்ளியாக நுனி வரை நகர்ந்து போகிறது. தீட்டுவதென்றால் வெளிச்சரிவை மட்டும். முதலில் நடு ஆணி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இறுக்கமாக இருந்தால் வளைவுதான் போயிருக்கிறது, அதைத் திரும்ப எடுப்பது வீட்டு வேலையல்ல, பட்டறைக்குத்தான் போக வேண்டும்.