கொழும்பில் சமாதானப் பணியில் ஈடுபட எங்கே தொடங்குவது?

பட்டப்படிப்பு முடித்துவிட்டேன், பிணக்குத் தீர்வு, சமாதானம் சார்ந்த வேலையில் ஆசை, டிப்ளோமா படிப்பதா என்ஜிஓ ஒன்றில் சேர்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், முதலில் சிங்களம் பேசிப் பழகுங்கள். இரண்டு மொழியிலும் மனம் விளங்கிப் பேசக்கூடிய ஆட்களுக்குத்தான் இங்கே தட்டுப்பாடு.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை அக்கா ஒருவரோடு மத்தியஸ்த சபைக்கு, அதாவது பிணக்குகளை நீதிமன்றம் போகாமல் பேசித் தீர்க்கும் இடத்துக்கு, துணையாகப் போனேன். பக்கத்து வீட்டுக் கூரைத் தண்ணீர் விழுந்து விழுந்து இவரது சுவர் ஊறி, பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. "இதை இப்பிடியே விட ஏலாது" என்றார் அக்கா. அங்கே தமிழ் தெரிந்த ஒருவர் அதைச் சிங்களத்தில் "அத்தாரின்னே நே", அதாவது "விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் காதில் அது சவாலாக விழுந்தது, எழும்பிவிட்டார். சுவர் சரிந்தால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆபத்து என்ற பயத்தில் சொல்கிறார் என்று நான் விளக்கிய பிறகுதான் திரும்ப உட்கார்ந்தார். பீலி போட்டுத் தருவதாக அன்றைக்கே எழுதிக் கையெழுத்து வைத்தார்.

இந்தச் சபைகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தவை. மூன்று மத்தியஸ்தர்கள் இருந்து கேட்பார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது, இரு தரப்பும் இணங்க வேண்டும். சட்டத்தரணி வந்து வாதாட முடியாது. இணங்காவிட்டால் அதற்கான சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம்.

ஆனால் எல்லாவற்றையும் சமரசத்துக்குள் போட்டுவிடாதீர்கள். காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாயிடம் போய் இணங்கிப் போங்கள் என்று யாரும் சொல்லக்கூடாது. அவருக்குப் பதில் வேண்டும். 2016இல் சட்டம் இயற்றிக் காணாமற்போனோர் அலுவலகம் அமைத்தும் அந்தத் தாய்மார் இன்னும் தெருவில்தான் நிற்கிறார்கள். இது விளங்காமல் எத்தனை பயிற்சிப் பட்டறைக்குப் போயும் பயனில்லை.

வாசிப்பதென்றால், சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வம் முன்னின்று 1982இல் தொடங்கிய இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்தின் வெளியீடுகளைத் தேடுங்கள். இனப் பிரச்சினைக்கு அரசியலமைப்பு வழியாகத் தீர்வு காணப் பாடுபட்ட அவரை 1999 ஜூலை 29 அன்று இதே கொழும்பில் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொன்றார்கள்.

மத்தியஸ்தராக விருப்பமென்றால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். சிங்களத்தை வகுப்போடு நிறுத்தாதீர்கள். அன்று அக்காவுக்காக நான் பேசியது, ஆமர் வீதிக் கடையொன்றில் ஐந்து வருடம் பில் போட்டபோது வாய்க்கு வந்த சிங்களம்.