மருத்துவமனைக் குழுவுக்குப் பயிற்சியாளர் வைத்தால் ஒத்துழைப்பு கூடுமா?

டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர் என எல்லாரும் திறமைசாலிகள், ஆனால் சேர்ந்து வேலை செய்யும்போது இடிக்கிறது; குழுப் பயிற்சியாளர் வந்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாக உதவும், அவர் வார்டிலேயே கூட நின்று கவனித்தால்.

"மூன்றாம் படுக்கையில் மூச்சு வேகமாகிறது" என்கிறார் நர்ஸ். டாக்டர் கேஸ் ஷீட்டிலிருந்து நிமிரவில்லை. நர்ஸ் அதோடு விட்டுவிடுகிறார். வேலை ஓய்ந்ததும் பயிற்சியாளர் இருவரையும் உட்காரவைத்து, "அந்த நொடியில் என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்பார். அந்தப் பேச்சுதான் இதில் உயிர்நாடி என்பேன்.

அப்புறம், நேரமும் முக்கியம். குழுக்களை ஆராய்ந்த ஹேக்மனும் வேஜ்மனும் 2005-ல் எழுதிய கோட்பாட்டின்படி, பயிற்சியாளர் குழு வேலையின் தொடக்கத்தில் ஊக்கத்திலும், நடுவில் வேலைமுறையிலும், முடிவில் கற்றலிலும் கவனம் வைக்க வேண்டும். மூத்த டாக்டரும் அந்த உரையாடலில் கட்டாயம் உட்கார வேண்டும்; அவர் நழுவினால் இளையவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.