நார்த் ஈஸ்டன் ஏம்ஸ் நூலகம்: கேட்டவையும் பதிலும்

கே: மாசசூசெட்ஸில் ஒரு மூலையில் கிடக்கும் சிற்றூர் நார்த் ஈஸ்டன். அங்கே பெரிய கட்டடக் கலைஞரான ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் போய் நூலகம் கட்டினாரா?

ப: எல்லாம் ஷவல் காசு! மண் அள்ளும் ஷவல் செய்தே பெரும் பணக்காரர்கள் ஆன ஏம்ஸ் குடும்பத்தின் ஊர் அது. 1877இல் இறந்த ஆலிவர் ஏம்ஸ், நூலகத்துக்கென்று 50,000 டாலர் எழுதிவைத்துவிட்டுப் போனார். பிள்ளைகள் ரிச்சர்ட்சனைப் பிடித்தார்கள். பாஸ்டனின் டிரினிட்டி தேவாலயத்தை முடித்துப் புகழின் உச்சியில் இருந்தார் அவர். கட்டடம் 1879இல் முடிந்தது. மக்களுக்குத் திறந்தது 1883இல். அதோடு விடவில்லை, நினைவு மண்டபம், ரயில் நிலையம் என்று அந்த ஊரில் மட்டும் அவர் கட்டியவை ஐந்து.

கே: படத்தில் பார்த்தால் கோட்டை மாதிரி இருக்கிறதே, சார்?

ப: சொரசொரப்பாக விட்ட கருங்கல், ஓரங்களுக்குச் செம்பழுப்பு மணற்கல், தரையோடு அமர்ந்த கனமான அரைவட்ட வாசல் வளைவு. ஐரோப்பாவின் பழைய ரோமனெஸ்க் பாணியைத் தனக்கேற்ப வளைத்துக்கொண்டார் மனிதர். ஒரு பக்கத்தின் அச்சாக மறுபக்கம் இருக்காது. புத்தகப் பகுதியில் ஜன்னல்கள் கூரையை ஒட்டி வரிசையாக மேலேறி நிற்கும்; கீழ்ச்சுவர் முழுக்க அலமாரிக்கு. ஆக, உள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளியிலிருந்தே படித்துவிடலாம்.

கே: அழகு சரி. நூலகமாக உதவியதா?

ப: நூலகர்களைக் கேட்டால் திட்டித்தான் தீர்ப்பார்கள். நடுவே உயர்ந்த கூடம், இருபுறமும் இரண்டு அடுக்காகப் புத்தக மாடங்கள், மேலடுக்குக்குப் பால்கனி, தலைக்கு மேல் பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்த மாதிரி வளைந்த கூரை. அன்று வாசகர் அலமாரிப் பக்கம் போகக்கூடாது. கேட்டதை நூலகர்தான் எடுத்துத் தரவேண்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் மாடி ஏறி இறங்குவது யார்? சூடு மேலே போய்த் தேங்குவதால் மேலடுக்கில் இருக்கும் தோல் அட்டைகள் வறண்டு வெடிக்கும். சிகாகோ பொது நூலகத்தின் நூலகர் வில்லியம் பூல் இந்த மாதிரி அமைப்பையே கடுமையாகச் சாடினார். புத்தகம் பெருகினால் நீட்டவும் வழியில்லை என்பது இன்னொரு குறை. என் கட்சி நூலகர் கட்சிதான். ஆனாலும் அந்த மாடத்தில் ஒரு மதியம் உட்காரச் சொன்னால் மறுக்கமாட்டேன்.

கே: உள்ளே தவறவிடக்கூடாதது?

ப: வாசிப்பறைக் கணப்படுப்பு. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ஸ்டான்ஃபோர்ட் வைட். அதில் பதித்த ஆலிவர் ஏம்ஸின் புடைப்புச் சிற்பம் சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் கைவேலை.

கே: ஊழல் பணத்தில் கட்டியது என்கிறார்களே?

ப: ஊழலில் அடிபட்டவர் ஆலிவரின் அண்ணன் ஓக்ஸ் ஏம்ஸ். யூனியன் பசிபிக் ரயில்பாதையைக் கட்டிய கிரெடிட் மொபிலியே நிறுவனத்தின் பங்குகளை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களுக்கு மலிவாகக் கொடுத்தார் என்று 1873இல் பிரதிநிதிகள் சபையே அவரைக் கண்டித்தது. அதே ஆண்டு இறந்தார். ஆனால் தம்பியும் அந்த ரயில் நிறுவனத்துக்குத் தலைவராக இருந்தவர்தான். எது ஷவல் காசு, எது ரயில் காசு என்று பிரித்துச் சொல்ல முடியாது. நூலகத்தை ஒட்டியிருக்கும் நினைவு மண்டபம் ஓக்ஸின் பெயரில் அவர் பிள்ளைகள் எழுப்பியது. அப்பாவின் பெயரைத் துடைக்கும் முயற்சியும் அதில் கலந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கே: இப்போதும் புத்தகம் தருகிறார்களா?

ப: தருகிறார்கள். 1931இல் குழந்தைகளுக்கென்று ஒரு பகுதியும் சேர்த்துக் கட்டினார்கள்.