கொத்தனாருக்கு வேலை தெரியாதுன்னு யார் சொன்னது?

வணக்கம் சார்,

சென்னைல ஐடி வேலைல இருக்கேன். கோவில்பட்டி பக்கம் சொந்த இடத்துல, நாங்க நாலு பேர் இருக்க, ஆரோவில்ல கட்டுற மாதிரி மண்கல்லு வச்சு 2,600 சதுர அடில இயற்கை வீடு கட்டணும்னு ஆசை. இன்ஜினியர், "நம்ம ஊர் கொத்தனாருக்கு இந்த வேலையெல்லாம் தெரியாது, கரையான் வரும், நாளைக்கு விக்கவும் முடியாது"ங்கிறார். அப்பா, "மண் வீட்டுல நாங்க பட்டது போதாதா"ன்னு பேசவே விடமாட்டேங்கிறார். இயற்கை வீட்டோட பயன்களை நீங்க பாயிண்ட் பாயிண்டா எழுதினா வீட்டுல காட்ட வசதியா இருக்கும். சோலார் போடலாமா?

எம்., சென்னை

அன்புள்ள தம்பி,

முதல்ல அப்பா. அவர்கிட்ட பாயிண்ட் எதையும் கொண்டுபோய் நீட்டாதீங்க. ஐப்பசி மழைல சுவர் ஊறி எந்தப் பக்கம் சரியுமோன்னு பிள்ளைகளை நடுவுல படுக்கவச்சு ராத்திரி பூரா முழிச்சுக் கிடந்த தலைமுறை அது. காங்கிரீட் கூரைங்கிறது அவங்களுக்கு பவுசு இல்ல, நிம்மதி. ரெண்டு வீடியோ பாத்துட்டு அதைப் போய் திருத்தாதீங்க.

சோலார் தாராளமா போடுங்க. கரையான் மரத்தைத் தேடி எந்த வீட்டுக்கும்தான் வரும். விக்கிறதைப் பத்தி, குடியிருக்கக் கட்டுறவர் ஏன் இப்பவே யோசிக்கணும்னு எனக்குப் புரியல.

ஆனா நாலு பேருக்கு 2,600 சதுர அடி எதுக்குய்யா? சிமெண்டுக்கு சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரி வரைக்கும் சூடேத்துறாங்க, எரிக்கிற நிலக்கரி விடுறது போக அந்தக் கல்லுக்குள்ள இருக்கிற கார்பன் டை ஆக்சைடும் வெளிய வந்துருது, மனுஷன் காத்துல விடுற மொத்தக் கார்பன் டை ஆக்சைடுல ஏழெட்டு சதவீதம் சிமெண்ட்ல இருந்துதான் வருது. வருஷத்துக்கு ஒருதரம் பொங்கலுக்குத் திறக்கிற ரெண்டு ரூமை பிளான்ல இருந்து அடிச்சு விட்டா எந்த விசேஷக் கல்லும் மிச்சப்படுத்தாததை அது மிச்சப்படுத்தும். 1,400 போதும்.

மண்கல்லும் வேண்டாம். ஆரோவில்ல சுத்திலும் செம்மண், அதுல 5 சதவீதம் சிமெண்ட் கலந்து அமுக்கி, சுடாமலே கல்லாக்குறாங்க, நல்ல விஷயம். உங்க ஊரு கரிசல். மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். அதுல கல்லு நிக்கணும்னா செம்மண் எங்கிருந்தோ லாரில வரணும், அப்புறம் அதுல என்ன இயற்கை இருக்கு? வீட்டுக்கு வேண்டிய சாமான் அஞ்சு மைலுக்குள்ள கிடைக்கணும்னு காந்தி தன்கிட்ட சொன்னதா லாரி பேக்கர் சொல்லுவாரு. இங்கிலாந்துல பிறந்து திருவனந்தபுரத்துலயே தங்கிட்ட கட்டடக்கலைஞர், 2007ல இறந்துபோனார். அவர் வழி உங்களுக்கு சரிவரும்.

கொத்தனாருக்குத் தெரியாதுங்கிற பேச்சுதான் எனக்குக் கோவம் வருது. எங்க மாமா வீட்டு மேஸ்திரிகிட்ட பேக்கர் பரவலாக்கின ராட் ட்ராப் சுவரைச் சொன்னோம், அதாவது செங்கல்லைப் படுக்கப் போடாம நட்டமா நிறுத்தி நடுவுல பொந்து விட்டுக் கட்டுறது, ஒன்பது இஞ்சு சுவர்தான், ஆனா கல்லு கால்வாசி மிச்சம், கலவையும் குறையும், பொந்துல நிக்கிற காத்து வெயிலைச் சட்டுன்னு உள்ள விடாது. அவர் முதல்ல முறைச்சார். கலவை பொந்துக்குள்ள விழுந்துகிட்டே இருந்துச்சு. எழுந்துபோய் சென்ட்ரிங் பலகைல ஒரு துண்டை அறுத்துட்டு வந்து பொந்து மேல போட்டார், ரெண்டு ஓரத்துலயும் கரண்டியால கலவையை இழுத்தார், பலகையைத் தூக்கினார், உள்ள ஒரு சொட்டு விழல. பேக்கர்கிட்ட பழகினவங்களும் இதையேதான் பண்றாங்கன்னு பின்னாடி தெரிஞ்சது, இவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. சாயங்காலத்துக்குள்ள சித்தாளுக்கே கை ஓட ஆரம்பிச்சிருச்சு. சுவர் எழும்பினதும் பூச வேண்டாம்னுட்டார். "பூசிட்டா நான் கட்டினது யாருக்குத் தெரியும்?"

தம்பி, நீங்க கேட்ட பயன்ல இதை எழுதிக்குங்க, மத்ததெல்லாம் எங்க வேணா கிடைக்கும். ஒரே வீட்டுக்குப் போற பணத்துல கம்பெனிக்குப் போறது குறைஞ்சு, உங்க ஊர்க்காரன் கைக்குக் கூலியா வர்றது கூடும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவச்ச தண்ணிய சுண்ணாம்புல விட்டு அரைக்கத் தெரிஞ்சவங்க இருந்த ஊருங்க நம்ம ஊரெல்லாம், வேலை குடுக்காமக் குடுக்காமதான் அது போச்சு. தெரியாதுன்னு சொல்ற இன்ஜினியர் கத்துக்கிற ரெண்டு நாளுக்குக் கூலி போட்டுக் குடுத்தாரா, கேளுங்க.

கூரை காங்கிரீட்டே இருக்கட்டும், அப்பாவுக்கும் திருப்தி. அடிப்பக்கம் இழுவையைத் தாங்குறது கம்பிதான், கம்பிக்கு இடைல இருக்கிற காங்கிரீட்டுக்கு அங்க பெருசா வேலை இல்ல, அந்த இடத்துல பழைய மங்களூர் ஓட்டை ரெண்டு ரெண்டா வச்சு வார்க்கலாம். சிமெண்டும் குறையும் சூடும் குறையும். கம்பி இடைவெளி மட்டும் கணக்குத் தெரிஞ்ச இன்ஜினியர் போடணும்.

அடுத்த லீவுக்கு வர்றப்ப உங்க கொத்தனாரைக் கூட்டிக்கிட்டு ரயில்ல திருவனந்தபுரம் போங்க. தம்பானூர் ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா பக்கத்துலயே இந்தியன் காபி ஹவுஸ், பேக்கர் கட்டினது, சுத்திச் சுத்தி ஏறுற செங்கல் கட்டடம், சுவர்ல வரிசையா ஓட்டை விட்டு வெளிச்சமும் காத்தும் வர வச்சிருப்பாரு. காபி வாங்கிக் குடுத்துட்டு நீங்க பேசாம இருங்க, அவர் பாக்கட்டும். அன்னைக்குக் கூலியையும் கையில குடுத்துருங்க.