ஷிமொனொசெகி கோபுரம்: எந்த நேரம், எந்தப் பக்கம்?

ஒரு மாலை மட்டும்தான் இருக்கிறது, கண்ணாடிப் பிரதிபலிப்பு இல்லாமல் கப்பல்களைப் படமெடுக்க வேண்டும் என்றீர்கள். ஜப்பானின் ஷிமொனொசெகி நகரில் கன்மொன் நீரிணையைப் பார்த்து நிற்கும் கைக்யோ யுமே கோபுரத்தின் 143 மீட்டர் உயரப் பார்வைத் தளத்துக்குச் சூரியன் மறைய ஒன்றரை மணி நேரம் முன்பே ஏறிவிடுங்கள். மாலை வெயில் மேற்கிலிருந்து வருவதால், வடகிழக்குப் பக்கம் நீரிணையைக் கடக்கும் கன்மொன் பாலம் பளிச்சென்று தெரியும். காலையில் போனால் அதே பாலம் எதிர்வெயிலில் கறுத்துவிடும்.

இருட்டியதும்தான் தொல்லை: உள்விளக்குகள் கண்ணாடியில் விழும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, சுற்றிலும் கறுப்புத் துணியால் மூடுங்கள். லென்ஸ் முனையில் மாட்டும் ரப்பர் ஹுட் (மறைப்பு வளையம்) இருந்தால் இன்னும் நல்லது. போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டி) மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், வெளிச்சத்தைத் தின்றுவிடும். பகலில் ஷட்டர் வேகம் 1/250 நொடி போதும். இரவில் ஷட்டரை நீட்டினால் பாலம் படத்தில் நன்றாகப் பதியும், கப்பல் வெறும் ஒளிக்கோடாகிவிடும்.

முன்கூட்டியே நீரோட்ட அட்டவணையைப் பாருங்கள். இந்த நீரிணையில் ஓட்டம் நாளுக்கு நான்கு முறை திசை மாறும், உச்சத்தில் 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.) வரை போகும். அப்போது எதிர்த்து ஏறும் சிறு கப்பல்கள் ஊர்ந்துதான் போகும். அதுதான் பார்க்க வேண்டியது.