பாட்டி ஏன் எழுந்து போனார்?

கேள்வி: எனக்கு வயது 24. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மாதம் ஒருமுறை சுற்றுச்சூழல் சந்திப்பு நடத்துகிறோம். பிளாஸ்டிக்கைக் குறைப்பது, மறுபயனீடு பற்றி இளையர்கள் பேசுவோம். தாத்தா பாட்டிகள் பின்வரிசையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். போன மாதம் ஒரு பாட்டி, “இதெல்லாம் எங்களுக்குத் தெரியும்மா” என்று எழுந்து போய்விட்டார். இரு தரப்பையும் எப்படிச் சேர்ப்பது?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: அன்புத் தங்கைக்கு,

அந்தப் பாட்டி சொன்னது உண்மை. அந்தக் காலக் கம்பத்து (கிராமத்து) வீடுகளில் பழைய சேலை முதலில் தொட்டிலானது, அப்புறம் கால்மிதியானது. மைலோ டின்னில் கறிவேப்பிலைக் கன்று வளர்ந்தது. செய்தித்தாள்களைக் கட்டி வைத்து, பழைய பொருள் வாங்கும் காராங் குனிக்காரர் வரும்வரை காத்திருந்தார்கள். பெரிய பேரங்காடிகளில் ஒருமுறை பயன்படுத்தும் பைக்குக் குறைந்தது 5 காசு என்பது 2023 ஜூலையில்தான் வந்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கூடையோடு ஈரச்சந்தைக்குப் போனவரிடம் துணிப்பையைப் பற்றிப் பேசினால் மனம் நோகத்தானே செய்யும்?

உங்களிடமும் சொல்ல விஷயம் இருக்கிறது. நம் குப்பையை எரித்த சாம்பல் போய்ச் சேரும் செமக்காவ் நிரப்புநிலம் 1999இல் திறக்கப்பட்டது. 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். அதைப் பாட்டி அறியாமல் இருக்கலாம். ஆனால் மைக் பிடித்துச் சொல்ல வேண்டாம். சேர்ந்து வேலை செய்யும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள்.

முதலில் அந்த வரிசை நாற்காலிகளை எடுத்துவிடுங்கள். நாலைந்து மேசை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வேலை வையுங்கள். ஒன்றில் தையல், ஒன்றில் பழுதான மின்விசிறி. ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ என்ற பழுதுபார்ப்புச் சந்திப்பு 2014இல் இங்கே தொடங்கியது. பொருளைக் கொண்டுவருபவர் தன் கையாலேயே பழுதுபார்க்கத் தன்னார்வலர்கள் உதவுகிறார்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்கள் புளோக்கிலும் ஓய்வுபெற்ற மின்வேலைக்காரர் ஒருவர் இருப்பார், விசாரியுங்கள். அவர் சொல்லித்தர, திருகாணியைக் கழற்றுவது இளையவர் கையாக இருக்கட்டும்.

அருகில் சமூகத் தோட்டம் இருந்தால் இன்னும் நல்லது. தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டத்தால் பல பேட்டைகளில் இப்போது தோட்டம் இருக்கிறது. காய்கறித் தோலையும் காய்ந்த இலையையும் உரமாக்குங்கள். மூட்டை தூக்க இளையர் வேண்டும். மண்ணைத் தொட்டுப் பார்த்து ஈரம் போதுமா என்று சொல்லப் பெரியவர் வேண்டும்.

மொழியும் ஒரு தடைதான். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே பேசுவதால்தான் பல பாட்டிகள் பின்வரிசைக்குப் போகிறார்கள் என்பது என் எண்ணம். தட்டுத்தடுமாறியாவது தமிழில் பேசச் சொல்லுங்கள். பாட்டிகள் சிரித்தபடி திருத்துவார்கள், அப்படியே பேச்சும் வளரும். வெயில் தாழ்ந்த நேரமாக வையுங்கள். சாய்ந்து உட்கார நாற்காலியும் பக்கத்தில் கழிவறையும் இருப்பது முக்கியம். தட்டும் தம்ளரும் அவரவர் வீட்டிலிருந்து வரட்டும்.

சரி, இந்த வாரமே அந்தப் பாட்டி வீட்டுக்கு நேரில் போங்கள். மன்னிப்பு, விளக்கம் என்று நீட்ட வேண்டாம். கிழிந்த துணிப்பை ஒன்றைக் கையில் எடுத்துப் போய், “பாட்டி, இதை எப்படித் தைப்பது என்று எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுவீர்களா?” என்று கேளுங்கள்.