க்ரீமை நிறுத்தியதும் முகம் எரிகிறதே, டாக்டர்!

ஸ்டீராய்டு க்ரீம் பற்றி வந்திருக்கும் கேள்விகளைப் படிக்கும்போதே தெரிகிறது, பலர் வீட்டில்கூடச் சொல்ல முடியாமல் தவிக்கிறீர்கள். எல்லோருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எந்த மாத்திரை, எவ்வளவு நாள் என்பதை மட்டும் நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

மங்கு போவதற்காகத் தோழி சொன்ன க்ரீமை இரண்டு வருடமாக ராத்திரியில் போட்டு வந்தேன். ஆரம்பத்தில் முகம் பளிச்சென்று வெளுத்தது. இப்போது இரண்டு நாள் போடாவிட்டால் முகம் சிவந்து, மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிறது. பொடிப்பொடியாகக் கொப்புளமும் வருகிறது. திரும்பப் போட்டால் அடங்கிவிடுகிறது. விடவா, தொடரவா?
*வாசகி, திருப்பூர்*

விட வேண்டும். ஆனால் தனியாகப் போராட வேண்டாம்.

உங்கள் டியூபைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்று மூன்று பெயர் இருக்கலாம். மூன்றாவது ஸ்டீராய்டு. மங்குக்கு மருத்துவர் இந்தக் கூட்டு மருந்தைச் சில வாரங்களுக்கு மட்டும் எழுதுவது உண்டு. வருடக்கணக்கில் பூசுவதற்கானது அல்ல. சில க்ரீம்களில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற வேறு ஸ்டீராய்டு இருக்கும்.

ஸ்டீராய்டு தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால்தான் முகம் வெளுத்தது போலத் தெரிந்தது. கூடவே தோலுக்குப் பலம் தரும் கொலாஜன் உற்பத்தி குறைந்து, தோல் மெலிந்துகொண்டே போகும். க்ரீமை நிறுத்தியதும் இத்தனை நாள் இறுகியிருந்த குழாய்கள் மொத்தமாக விரிகின்றன. சிவப்பும் எரிச்சலும் அதனால் வருபவை. திரும்பப் பூசினால் அடங்குவதைப் பார்த்து, ‘இந்த க்ரீம் இல்லாமல் என் தோல் இருக்காது’ என்று நினைத்துவிடாதீர்கள். அந்த எரிச்சலே க்ரீம் உண்டாக்கியதுதான். ஸ்டீராய்டால் கெட்டுப்போன முகம் என்று இந்தியத் தோல் மருத்துவர்கள் 2008-லேயே இதைத் தனியாக அடையாளம் காட்டி எழுதியிருக்கிறார்கள். நீங்கள் ஒருவர் மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை.

நிறுத்திய சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் சிவப்பு உச்சத்துக்குப் போகும். கடினமான கட்டம் இதுதான். பெரும்பாலோர் பயந்துபோய்த் திரும்ப டியூபை எடுப்பதும் இங்கேதான். அதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். வீரியமான க்ரீம் என்றால், லேசான ஒன்றுக்கு மாற்றி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இறக்கிக்கொண்டு வருவார். சிலருக்கு ஒரேயடியாக நிறுத்தச் சொல்வார். கொப்புளத்துக்கு டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரையும், சிவப்புக்கு ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பும் உண்டு. டாக்ரோலிமஸ் முதல் சில நாள் கொஞ்சம் எரியும், பிறகு பழகிவிடும். கர்ப்பமாக இருந்தால், அல்லது அதற்கு முயற்சி செய்துகொண்டிருந்தால், முதலிலேயே சொல்லிவிடுங்கள். டாக்சிசைக்ளின் அப்போது கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது குறைவுதான். சோப்பை நிறுத்துங்கள், வெறும் தண்ணீரே போதும். எரியும்போது, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பழைய காட்டன் துணியை நனைத்துப் பத்து நிமிடம் முகத்தில் போட்டு வையுங்கள். எடுத்த கையோடு, ஈரம் காய்வதற்குள் வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரைப் பூசுங்கள், தேய்க்காமல் ஒற்றி ஒற்றி. வெளியே போகும்போது ஜிங்க் ஆக்ஸைடு உள்ள சன்ஸ்கிரீனும் குடையும். ஃபேஷியல், பிளீச், ஆவி பிடிப்பது எதுவும் வேண்டாம். அடுப்பு வெக்கையில் முகம் இன்னும் சிவக்கும். சமையலைக் கொஞ்ச நாள் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். இதை உங்கள் வீட்டாருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது. எரிச்சல் குறைந்துவிட்டது. ஆனால் கன்னத்தில் சிவப்பு நரம்பு நரம்பாகத் தெரிகிறது, பூனை முடி வளர்ந்திருக்கிறது. பழைய தோல் திரும்ப வருமா?
*வாசகி, மதுரை*

எரிச்சல் குறைந்ததே நல்ல செய்தி. சிலருக்கு இதற்கே ஒரு வருடம் ஆகிறது. நடுவில் திடீரென்று ஒரு வாரம் மோசமாகும், மறுபடி தணியும். அதனால் நேற்றையும் இன்றையும் ஒப்பிட வேண்டாம். மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வைத்துப் பாருங்கள். மெலிந்த தோல் மாதங்கள் போகப்போக ஓரளவு தேறும். பூனை முடி பெரும்பாலும் தானாகக் குறையும். அதுவரை த்ரெடிங், வேக்ஸிங் வேண்டாம், மெலிந்த தோல் உரிந்துகொண்டு வந்துவிடும். நரம்பு போலத் தெரிவது விரிந்துபோன நுண்ணிய ரத்தக் குழாய்கள். அவை முழுதாக மறைவது சந்தேகம். தோல் நன்றாகத் தேறிய பிறகு லேசரில் குறைக்கலாம். இப்போதே லேசர் செய்கிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தொடை இடுக்கில் படை. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த ஆயின்மென்ட் போட்டால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கிறது, விட்டால் இரட்டிப்பாகப் பரவுகிறது. இப்போது மனைவிக்கும் குழந்தைக்கும் வந்துவிட்டது.
*வாசகர், சேலம்*

உங்களுக்கு வந்திருப்பது பூஞ்சைத் தொற்று. கடையில் கொடுத்தது பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு மூன்றையும் ஒன்றாகக் கலந்த களிம்பாக இருக்கும். அதிலுள்ள குளோபெட்டசால் அரிப்பை அடக்கும். அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கும். பூஞ்சை தடையில்லாமல் பரவும். வட்டமாக, ஓரம் தடித்து இருக்க வேண்டிய படை உருமாறிவிடுவதால், அனுபவமுள்ள மருத்துவரே சில சமயம் குழம்புவார். செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள்.

வழக்கமான பூஞ்சை மாத்திரைக்கு அடங்காத படை இந்தியா முழுக்கப் பரவியதற்கு இந்தக் கலப்புக் களிம்புகளும் ஒரு காரணம் என்பது தோல் மருத்துவர்களின் கருத்து. 14 ஸ்டீராய்டு மேல்பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் அறிவித்தது. இன்றும் ‘படைக்கு ஒண்ணு குடுங்க’ என்றால் கவுண்டரில் எடுத்து நீட்டுகிறார்கள். இதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

குடும்பத்தில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வைத்தியம் எடுக்க வேண்டும். ஒருவர் விட்டால் மற்றவர்களுக்குத் திரும்ப வரும். அரிப்பு நின்றாலும் மருத்துவர் சொன்ன நாள் வரை மாத்திரையை விடக் கூடாது. துண்டு, சோப்பு தனித்தனி. உள்ளாடையைச் சுடுதண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே தெரிய வெயிலில் காயவையுங்கள். அப்புறம் ஒன்று: இடுப்பில் அரைஞாண் கயிறு இருந்தால் கழற்றிவிடுங்கள், குழந்தைக்கும்தான். எப்போதும் ஈரத்தோடு இருக்கும் அந்தக் கயிற்றில் பூஞ்சை தங்கிவிடும். இடுப்பைச் சுற்றிக் கயிறு படும் இடத்திலேயே படை கிளம்பி நிற்பதைப் பார்க்கிறேன். மனம் ஒப்பவில்லை என்றால், குணமான பிறகு புதுக் கயிறு கட்டிக்கொள்ளலாம்.

என் மூன்று வயதுக் குழந்தைக்குக் கரப்பான். டாக்டர் ஸ்டீராய்டு க்ரீம் எழுதியிருக்கிறார். இன்டர்நெட்டில் படித்துவிட்டுப் பயத்தில் போடவே இல்லை. குழந்தை ராத்திரி முழுக்கச் சொறிகிறாள்.
*வாசகி, கோவை*

போடுங்கள் அம்மா. மேலே உள்ளவர்களின் கதை வேறு, உங்களுடையது வேறு. சரியான நோய்க்கு, சரியான வீரியத்தில், சொன்ன நாள் வரை போட்டால் ஸ்டீராய்டு நல்ல மருந்து. தூக்கமில்லாமல் சொறிந்து புண்ணாகிச் சீழ் வைப்பதுதான் இப்போது குழந்தைக்கு ஆபத்து.

பெரியவர் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து உங்கள் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். சிவந்த இடத்தில் மட்டும் போடுங்கள். மாய்ஸ்சரைசர் உடம்பு முழுக்க, தினமும். டயப்பர் படும் இடத்திலும் கண் இமையிலும் மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். டயப்பருக்குள் மருந்து அதிகமாக உறிஞ்சப்படும். இமையில் வருடக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் கூடும். சீட்டில் எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள். பழைய சீட்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்காமல் இருந்தாலே போதும்.

சொரியாசிஸுக்கு எட்டு வருடமாக உடம்பு முழுக்க குளோபெட்டசால். நாளையிலிருந்து எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.
*வாசகர், தஞ்சாவூர்*

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குளோபெட்டசாலை வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல் போடக் கூடாது என்பது கணக்கு. உடம்பு முழுக்கப் பூசியவருக்கு, உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்திருக்கலாம். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். சொரியாசிஸ் சீழ்க் கொப்புளமாக மாறி, காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேரும்படி ஆகலாம். அந்தச் சுரப்பி வேலை செய்கிறதா என்று அறிய, அது சுரக்கும் கார்ட்டிசாலின் அளவைக் காலை எட்டு மணிக்கு ரத்தத்தில் பார்க்க வேண்டியிருக்கும். ஒளி சிகிச்சை, மெத்தோட்ரெக்ஸேட், கால்சிபோட்ரியால் களிம்பு என்று வேறு வழிகள் இருக்கின்றன. அதில் ஒன்றைத் தொடங்கி, அது வேலை செய்ய ஆரம்பித்த பிறகு இதைப் படிப்படியாக இறக்கலாம். அதுவரை காரணமில்லாத அசதி, வாந்தி, எழுந்தால் தலைசுற்றல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

எரியும் தோலில் மஞ்சள், வேப்பிலை, எலுமிச்சை போடலாமா?
*வாசகி, நாகர்கோவில்*

எலுமிச்சை கூடவே கூடாது. மஞ்சளும் வேப்பிலையும் நல்ல தோலுக்குச் சரி, ரணமான தோலில் எரிச்சலைக் கூட்டும். விரிசல் இல்லாமல் வெறும் வறட்சி மட்டும் கைகாலில் இருந்தால் தேங்காய் எண்ணெய் தாராளமாகப் பூசலாம்.

நான் போடுவது ‘ஹெர்பல்’ க்ரீம். டப்பாவில் எதுவுமே எழுதவில்லை. நிறுத்தினால் எனக்கும் எரிகிறது. அதில் ஸ்டீராய்டு இருக்குமா?
*வாசகி, வேலூர்*

நிறுத்தியதும் எரிந்தால் இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு மட்டும் என்றில்லை, சிறுநீரகத்தைக் கெடுக்கும் பாதரசமும் இருக்கலாம். கேரளத்தில் மலப்புரம் பக்கம், 2021-லிருந்து 2023 வரை, சிறுநீரில் புரதம் போகும் ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோயோடு வந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பாக்கும் க்ரீம் பூசியவர்கள் என்று அங்குள்ள மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். டப்பாவைத் தூக்கி எறியாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். கால் வீங்குகிறதா, சிறுநீர் நுரைத்துக்கொண்டு போகிறதா என்று கவனியுங்கள். இரண்டும் இல்லாவிட்டாலும் ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது அதே டப்பாவிலிருந்து எடுத்துப் பூசியிருந்தால் அவர்களுக்கும் செய்ய வேண்டும்.